இரண்டாம் பத்தி

"பதிவாளருக்கு ஆலோசகர்னா என்ன வேலை மேடம்?" என்று காஞ்சனா முதல் நாளே கேட்டுவிட்டாள். ஜுலைகாவிடம் அப்படிக் கேட்பது கொஞ்சம் ஆபத்து. கேட்டவர் கடிகாரத்தைப் பார்த்தாலும் அவள் விடமாட்டாள். முழுதாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பாள்.

ஐரோப்பாவில் மழை ஓயாத ஒரு நகரத்தில் ஒரு சர்வதேச நீதிமன்றம். எங்கோ ஒரு மலைநாட்டில் நடந்த போரில் யார் யாரைக் கொன்றார்கள் என்று விசாரிப்பதற்காக அமைத்தது. தீர்ப்புச் சொல்வது நீதிபதிகள். ஆனால் தீர்ப்புவரை போய்ச் சேர வேண்டுமென்றால், சாட்சியை ஊரிலிருந்து யார் கண்ணிலும் படாமல் அழைத்து வர வேண்டும். அவர் பேசுவதைக் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து ஒருவர் அந்தக் கணமே மொழிபெயர்க்க வேண்டும். கைதிக்குச் சாப்பாடு போக வேண்டும், கோப்புக்கு எண் விழ வேண்டும், சாட்சி ஊர் திரும்பிய பிறகும் உயிரோடிருக்க வேண்டும். இத்தனைக்கும் தலைவர்தான் பதிவாளர். நீதிபதி இல்லை, நீதிமன்றம் ஓடுவதற்குப் பொறுப்பானவர்.

"அவர் ஒரு கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி, போட்டா என்ன ஆகும், போடாட்டி என்ன ஆகும்னு ரெண்டையும் எடுத்துச் சொல்றது என் வேலை" என்றாள் ஜுலைகா.

"ஓ. அத எங்க வீட்ல நான் சம்பளமே இல்லாம பாக்கறேன் மேடம்."

ஜுலைகா வாய்விட்டுச் சிரித்தாள். பதினான்கு வருடமாக அந்த வேலையை அவள் விளக்கி வருகிறாள். இவ்வளவு சுருக்கமாக யாரும் புரிந்துகொண்டதில்லை.

2009 நவம்பர். ஹைதராபாத்தில், ஹப்சிகுடாவில் ஒரு டிபன் சென்டருக்கு மேலே மூன்றாவது மாடி. நீதிமன்றத்தின் ஏழு வருட விசாரணைப் பதிவுகளை, தொண்ணூறாயிரம் பக்கங்களை, பொதுமக்கள் படிக்கத் தகுந்ததாக்கித் தரும் வேலையை அங்கிருந்த நிறுவனம் எடுத்திருந்தது. பாதுகாக்கப்பட்ட சாட்சிகளுக்கு விசாரணையில் எண் மட்டும்தான். ஆனாலும் பேச்சுவாக்கில் அவர்கள் பெயர் எங்காவது வந்துவிடும். வந்த இடத்தையெல்லாம் கண்டுபிடித்துக் கறுப்பாக்க வேண்டும். எழுத்தின் மேல் கறுப்புப் பட்டை ஒட்டினால் போதாது. பட்டைக்கு அடியில் எழுத்து அப்படியே இருக்கும். நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் வெளியே வந்துவிடும். முதலில் எழுத்தைப் பிடுங்க வேண்டும், பிறகு அந்தக் குழியைக் கறுப்பால் மூட வேண்டும். காஞ்சனா அதற்கு மேற்பார்வையாளர். அவள் கீழே நாற்பது பேர்.

வேலையை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட ஜுலைகா நான்கு நாள் பயணமாக வந்திருந்தாள். பாளையங்கோட்டைக்காரி. காஞ்சனாவின் குடும்பம் தாத்தா காலத்தில் அரக்கோணத்திலிருந்து லாலாகுடா ரயில்வே பணிமனைக்கு வந்தது. இரண்டு பேரும் தமிழ் என்று தெரிந்ததும் மற்றவர்கள் முன்னால் ஆங்கிலமும், டீ குடிக்கும்போது தமிழும் என்று ஏற்பாடாகிவிட்டது. காஞ்சனாவின் தமிழில் ஹைதராபாத் உருது கலந்திருக்கும்: 'ஏன்' என்பதற்குக் 'கைக்கு', 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்', 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ'.

"இங்க என்னை எல்லாரும் மிஸ் மாணிக்கம்னு கூப்பிடறாங்க மேடம். பாஸ்போர்ட் ஃபார்ம்ல கடைசிப் பேரு கேட்டான். எனக்கு ஏது கடைசிப் பேரு? எம். காஞ்சனா, அவ்ளோதான். அப்பா பேர எழுதிக் குடுத்தேன். மொத நாள் மேனேஜர் 'மாணிக்கம் வந்தாச்சா'ன்னு கேக்கறாரு. எங்கப்பா கைக்கு இங்க வர்றாரு, அவருக்கு ரயில்வேல ஷிஃப்ட் இருக்கேன்னு நெனச்சேன்."

"என்னை அங்க மிஸ் மொஹிதீன்னுதான் சொல்வாங்க" என்றாள் ஜுலைகா. "பதினாலு வருஷமா ஆபீசுக்கு வர்றது எங்க வாப்பாதான். நான் சும்மா கூட வர்றேன்."

அந்த மலைநாட்டிலும் அப்படித்தான். அங்கே குடும்பப் பெயர் கிடையாது. ஒருவருக்கு ஒரு பெயர். அதன் பின்னால் அப்பாவின் பெயர். ஐரோப்பாவில் அச்சடித்த படிவத்தில் அப்பா பெயர் 'கடைசிப் பெயர்' கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இதைச் சொல்லி இருவரும் அன்று இன்னொரு முறை சிரித்தார்கள்.

நான்காம் நாள் காலை பதினொன்று நாற்பதுக்கு ஜுலைகாவின் சிரிப்பெல்லாம் நின்றுபோனது.

கையெழுத்துப் போடுமுன் நூறு பக்கங்களை அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். எழுபத்திரண்டாவது பக்கத்தில் நாற்பத்தொன்றாம் சாட்சி பேசினார். அவர் பெயர் வந்த இரண்டு இடங்களும் ஒழுங்காகக் கறுத்திருந்தன. அடுத்த வரி இப்படி இருந்தது: 'முதலில் இழுத்துக்கொண்டு போனது என் அப்பாவை.' அதற்குப் பின்னால் அப்பாவின் பெயர், கறுக்காமல், முழுதாக.

அவள் அந்த வரியை மூன்று முறை படித்தாள். பிறகு தன் மடிக்கணினியில் ஒரு புகைப்படத்தைத் திறந்தாள். அந்தச் சாட்சியின் ஊர்ச் சதுக்கத்தில் நிற்கும் நினைவுக் கல். கொல்லப்பட்டவர்களின் பெயர்கள் குடும்பம் குடும்பமாகச் செதுக்கியிருக்கும்: அப்பா, கீழே மகன்கள். அந்த அப்பாவின் கீழே மூன்று மகன்களின் பெயர்கள் இருந்தன. அவருக்கு நான்கு மகன்கள் என்பது அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். மிச்சமிருக்கும் ஒருவர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார்.

"காஞ்சனா, இங்க வாங்க" என்றாள்.

காஞ்சனா வந்து திரையைப் பார்த்தாள். "இது நாங்க கேட்டுட்டுத்தானே மேடம் விட்டோம்? வினாப் பட்டியல்ல இருக்கு. நூத்திப் பதினெட்டு."

சந்தேகம் வந்தால் ஊழியர்கள் வினாப் பட்டியலில் எழுதி அனுப்புவார்கள். நீதிமன்றம் பதில் எழுதும். காஞ்சனா நூற்றுப் பதினெட்டைத் திறந்தாள். அவள் ஆறு மாதத்துக்கு முன் கேட்டிருந்தாள்: 'சாட்சி 41-இன் கடைசிப் பெயர் பலியானோர் பட்டியலிலும் இருக்கிறது. அது அவர் அப்பா. மறைக்கவா, விடவா?' கீழே பதில்: 'விடுங்கள். அது அவருடைய பெயர் அல்ல, அப்பாவின் பெயர். பலியானவர்களின் பெயர்களை மறைக்கக் கூடாது என்பது குடும்பங்களுக்கு நாம் கொடுத்த வாக்கு.' அதற்கும் கீழே: ஜுலைகா மொஹிதீன், மூத்த ஆலோசகர்.

ஒரு விமான நிலையத்தில் வரிசையில் நின்றுகொண்டு எழுதியது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பக்கத்து மேசை ஐரோப்பியர் யாரிடமாவது அந்தக் கேள்வி போயிருந்தால், 'கடைசிப் பெயரா, கறுப்பாக்கு' என்று யோசிக்காமல் எழுதியிருப்பார். யோசித்து எழுதியவள் இவள். அப்பா பெயர் தன் பெயராகாது என்று பிறந்ததிலிருந்து தெரிந்த ஒருத்தி கேட்க, அதே போலத் தெரிந்த இன்னொருத்தி பதில் சொல்லியிருக்கிறாள். பிறகு மூன்று சரிபார்ப்பு நடந்தது. மூன்றும், கறுத்த இடம் சரியாகக் கறுத்திருக்கிறதா என்று பார்த்தன. வெளுப்பாக விட்ட இடம் யாரைக் காட்டிக் கொடுக்கிறது என்று பார்ப்பது எந்தச் சரிபார்ப்பின் வேலையும் இல்லை.

"இணையதளத்துல அடுத்த வாரம்தானே மேடம் போடறாங்க? நிறுத்திடலாம். இன்னிக்கே மாத்திக் குடுக்கறேன்."

"இணையதளம் ஒரு மெயில்ல நின்னுடும். டிவிடி போயாச்சு காஞ்சனா."

முதல் பன்னிரண்டு தொகுப்புகள் அவள் கையெழுத்துக்குக் காத்திராமல் போன வாரமே கிளம்பியிருந்தன. அதில் ஒன்று அந்தச் சாட்சியின் ஊர் வாசகசாலைக்கு. எங்கே நடந்ததோ அங்கே இருப்பவர்கள் முதலில் படிக்கட்டும் என்பது பதிவாளரின் ஆசை. அதை அழகாக எழுதிக் கொடுத்தவளும் ஜுலைகாதான். அந்த நாட்டிலிருக்கும் கிளை அலுவலகத்துக்குப் போன் போட்டாள். அங்கிருந்தவர் உற்சாகமாகப் பேசினார். நேற்றே வந்துவிட்டது, சாயங்காலமே கணினியில் ஏற்றிவிட்டார்கள், இரண்டு பத்திரிகையாளர்கள் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள், நாளை காலை பத்து மணிக்குத் திறப்பு விழா, நகரசபைத் தலைவரே வருகிறார்.

நகரசபைத் தலைவர், சாட்சி 41 யாருக்கு எதிராகப் பேசினாரோ அந்தக் கைதியின் தம்பி.

கணினியை மூடிவைக்கச் சொல்லிவிட்டு ஜுலைகா போனைக் கீழே வைத்தாள். மூடினாலும், இரண்டு பேர் குறிப்பெடுத்துப் போய்விட்டார்கள். இரண்டு வருடத்துக்கு முன் இன்னொரு சாட்சியின் பெயர் இப்படித்தான் கசிந்தது. பதினோராம் நாள் அவரை அவருடைய கடை வாசலில் சுட்டார்கள். கோப்பில் அந்தப் புகைப்படமும் இருக்கிறது. காலிலிருந்து கழன்று விழுந்த ஒரு செருப்பு.

நாற்பத்தொன்றை ஜுலைகா ஒருமுறை சந்தித்திருக்கிறாள். சாட்சிகள் காத்திருக்கும் அறையில் அவர் கால்களை ஆட்டிக்கொண்டிருந்தார். குரலை மாற்றும் கருவி எப்படி வேலை செய்கிறது என்று அவள் விளக்கத் தொடங்க, மெக்கானிக் அல்லவா, கால் நின்றுவிட்டது. மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் நாற்பது நிமிடம் பேசினார்கள். பெயரை எங்கே பூட்டிவைக்கிறோம், சாவி எத்தனை பேரிடம், யார் யாரைக் கேட்காமல் திறக்க முடியாது. எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நல்ல இயந்திரம். ஆனால் நின்றுபோகாத இயந்திரத்தை நான் பார்த்ததில்லை. இது நிற்கும்போது எனக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்விக்குப் பதிலாக ஜுலைகா ஏற்படுத்தியதுதான் மிஸ்டு கால். வெளிநாட்டு எண்ணில் பேசினால் ஒட்டுக்கேட்பார்கள். குறுஞ்செய்தி போனில் தங்கும். எடுக்காத அழைப்பில் எதுவும் இல்லை. பாளையங்கோட்டையில் அவள் வீட்டில் காலேஜுக்குப் போன பிள்ளை பஸ் ஏறியதும் ஒரு ரிங், இறங்கியதும் ஒரு ரிங். ஐரோப்பியர்களுக்கு இது புதுமையாக இருந்தது, கையேட்டில் ஏற்றுக்கொண்டார்கள். குறிப்பிட்ட எண்ணிலிருந்து மூன்று முறை அடித்து நின்றால், குடும்பத்தோடு, உடுத்திய உடையோடு கிளம்பி, சொல்லிவைத்த பெட்ரோல் பங்குக்கு வந்துவிட வேண்டும். அங்கே வண்டி நிற்கும். வண்டியில் ஏறியதும் அவர் ஒரு ரிங் கொடுக்க வேண்டும். ஏறிவிட்டேன், உயிரோடிருக்கிறேன் என்று அர்த்தம்.

அந்த மூன்று ரிங்கைக் கொடுக்கப் பதிவாளரின் ஆணை வேண்டும். ஏனென்றால் அதன் பிறகு திரும்பி வருவது கிடையாது. வேறு நாடு, வேறு பெயர்.

ஜுலைகா ஆணைப் படிவத்தைத் திறந்தாள். ஒரே பக்கம், நான்கு பத்திகள். என்ன நடந்தது, பிழை யாருடையது, ஆபத்து என்ன, என்ன செய்ய வேண்டும். முதல் பத்தியை மடமடவென்று அடித்தாள். மூன்றையும் நான்கையும் அடித்தாள். இரண்டாம் பத்திக்குத் திரும்பி வந்து, கையை எடுத்துவிட்டாள்.

"என்ன மேடம்?"

"இது வேலை செய்ற விதம் இப்படி" என்றாள். பழக்கம்; விரலில் ரத்தம் வந்தாலும் ரத்தம் எப்படி உறைகிறது என்று விளக்குகிறவள். "பிழை வெளி நிறுவனத்துதுன்னா, பதிவாளர் தனியா கையெழுத்துப் போடலாம். பத்து நிமிஷம். பிழை நீதிமன்ற ஆளோடதுன்னா, அந்த ஆள் ஆணையைத் தொடவே கூடாது. வேற ஆலோசகர் எழுதணும். தலைமை நீதிபதி பாக்கணும். அதுக்கப்புறம்தான் கையெழுத்து."

"எவ்ளோ நேரம் ஆகும்?"

"ரெண்டு தடவை நடந்திருக்கு. ஒண்ணு முப்பது மணி நேரம், இன்னொண்ணு முப்பத்தாறு."

"நாளைக்கு பத்து மணிக்கு விழா."

"ஆமா."

"கைக்கு மேடம் இப்டி ஒரு ரூல்? எந்த மேதாவி எழுதினான்?"

"நான்தான்" என்றாள் ஜுலைகா. "ஆளுங்க தன் தப்பை அவசர ஆணைக்குள்ள மறைச்சாங்க. அதைத் தடுக்க எழுதினேன். நல்ல விதி காஞ்சனா. நெஜமாவே நல்ல விதி."

"பெரிய சாரைக் கூப்பிட்டு வாயால சொல்லிடுங்களேன்."

"சாட்சியை ஏத்துக்கிற நாடு ஆணையை வரி வரியாப் பாக்கும். முறைப்படி இல்லேன்னா விசா கிடையாது. குழந்தையோட எல்லையில நிப்பாரு."

"குழந்தை இருக்கா?"

"ஒரு பொண்ணு. எட்டு வயசு."

காஞ்சனா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அப்பால் நாற்பது பேர் தலையைக் குனிந்து கறுப்பாக்கிக்கொண்டிருந்தார்கள். மணி பன்னிரண்டு ஐம்பது. அங்கே எட்டு இருபது. பதிவாளர் வந்து கோட்டைக் கழற்றி மாட்டியிருப்பார்.

ஜுலைகா அடித்தாள்: 'பிழை, மூத்த ஆலோசகர் அளித்த எழுத்துபூர்வமான பதிலிலிருந்து...' அழித்தாள். மறுபடி அடித்தாள். அழித்தாள். உண்மையை எழுதினால் அந்த மனிதர் நாளை காலை கடையைத் திறக்கப் போவார். எழுதாவிட்டால் எதை எழுதுவது என்று அவளுக்குத் தெரியும். அதை எழுத அவள் கை வரவில்லை.

"எங்க பேர போடுங்க" என்றாள் காஞ்சனா.

"வேண்டாம்."

"வேற யாரு இருக்காங்க? மேற்பார்வையாளர் கவனக்குறைவுன்னு எழுதுங்க. எம். காஞ்சனான்னு எழுதாதீங்க, அங்க புரியாது. காஞ்சனா மாணிக்கம்னே எழுதுங்க."

"உங்களுக்குப் புரியல. எங்க ஒப்பந்தத்துல ஒரு ஷரத்து இருக்கு. நிறுவனத்தோட பிழையால அவசர ஆணை போட்டா, ஒப்பந்தம் உடனே ரத்து. காரணமான மேற்பார்வையாளரை வேலையை விட்டு எடுக்கணும்."

"படிச்சிருக்கேன் மேடம். படிக்கறதுதானே என் வேலை." காஞ்சனா எரிச்சலாகத்தான் பேசினாள். பெருந்தன்மை எதுவும் அவள் முகத்தில் இல்லை, பயம்தான் இருந்தது. "இது ஹைதராபாத். தெருவுக்குப் பத்து கம்பெனி. இது போனா இன்னொண்ணு."

அந்த வருடம் தெருவுக்கு ஐந்து கம்பெனி மூடியும் கிடந்தது. இருவருக்கும் தெரியும்.

"நான் பின்னால திருத்திடுவேன்" என்றாள் ஜுலைகா. "அவர் வண்டியில ஏறட்டும். ஏறின மறுநிமிஷம் திருத்தக் குறிப்பு அனுப்பறேன். எல்லாத்தையும் என் பேர்ல மாத்தறேன். சத்தியமா."

"ஹவ், ஹவ். அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல அடிங்க." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அவர் பேர எரநூத்திப் பதினாலு எடத்துல என் கையால எடுத்தேன் மேடம். ஒரு நாள்கூட வாய்விட்டுச் சொன்னதில்ல. வீட்டுக்காரர்கிட்டகூட."

ஜுலைகா இரண்டாம் பத்தியை எழுதினாள். இரண்டே வரி. அனுப்பும்போது மணி ஒன்று பதினைந்து. ஒன்று இருபத்தாறுக்குக் கையெழுத்தோடு திரும்பி வந்தது. கீழே பதிவாளர் தன் கையால் எழுதியிருந்தார்: 'தெளிவான குறிப்பு. நன்றி.'

ஒன்று நாற்பதுக்கு, பாதுகாப்புப் பிரிவின் அதிகாரி மூன்று ரிங் கொடுத்துவிட்டதாகப் போனில் சொன்னார். வீட்டிலிருந்து பெட்ரோல் பங்குக்கு நாற்பது நிமிடம். மனைவியை வேலையிடத்திலிருந்தும் மகளைப் பள்ளியிலிருந்தும் கூட்டிக்கொள்ள ஒரு மணி நேரம் வையுங்கள். மூன்றரைக்குள் வந்துவிட வேண்டும். இணைப்பைத் துண்டிக்காமல் ஒலிபெருக்கியில் போட்டார்கள். அந்தப் பக்கம் அதிகாரியின் மேசையில் இருந்த சின்னப் போன், இந்தப் பக்கம் இரண்டு பெண்கள்.

மூன்றரை ஆயிற்று. மூன்று ஐம்பது ஆயிற்று.

"வண்டி நிற்கிறது. யாரும் வரவில்லை" என்றார் அதிகாரி.

கீழேயிருந்து தோசை வாசம் வந்தது. காஞ்சனா இரண்டு டீ வரவழைத்திருந்தாள். இரண்டிலும் ஆடை படிந்திருந்தது. ஜுலைகாவின் மனம் தன் வழக்கப்படி ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பார்த்தது. போன் சட்டையில் இல்லையோ? கம்ப்ரசர் ஓடும் சத்தத்தில் கேட்கவில்லையோ? கேட்டும், வேறு யாரோ என்று நினைத்தாரோ? மூன்று வருடம் ஆயிற்றே, மறந்திருப்பாரோ? அல்லது அந்தப் பத்திரிகையாளர்களில் ஒருவன் நேற்று ராத்திரியே போய்ச் சொல்லிவிட்டானோ? எந்தப் பாகத்தையும் இங்கிருந்து தொட முடியாது. ஏழாயிரம் கிலோமீட்டர். அவள் செய்த இயந்திரம், அவளில்லாமல் ஓட வேண்டும்.

நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு ஒரு போன் அடித்தது. ஒரே ரிங். நின்றுவிட்டது.

ஜுலைகா எழுந்தே விட்டாள். "வந்ததா? வந்ததா?" என்று ஒலிபெருக்கியைப் பார்த்துக் கத்தினாள்.

"இங்கே எதுவும் வரவில்லை" என்றார் அதிகாரி.

காஞ்சனா தன் கைபேசியைத் தூக்கிக் காட்டினாள். முகம் செத்திருந்தது. "என் பொண்ணு மேடம். வர்ஷினி. ஸ்கூல்லருந்து வீட்டுக்கு வந்துட்டா ஒரு ரிங் குடுப்பா."

ஜுலைகா மெதுவாக உட்கார்ந்தாள். காஞ்சனா கைபேசியை அமைதியில் வைக்கப் போனாள். ஜுலைகா அவள் கையைப் பிடித்து, வேண்டாம் என்று தலையசைத்தாள். ஏனென்று அவளால் விளக்க முடியவில்லை. அதுவே அவளுக்குப் புதிது.

நாலரை. ஐந்து. கறுப்பாக்கிக்கொண்டிருந்த நாற்பது பேரும் பையை மாட்டிக்கொண்டு, "மேடம், பை" என்று கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போனார்கள். நாளைக்கும் வேலை இருக்கிறதென்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

ஐந்து பத்துக்கு, ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு மேசையில் சின்னப் போன் அடித்தது. ஒலிபெருக்கி வழியாக இருவரும் கேட்டார்கள். ஒரு ரிங். நின்றது. ஒலிபெருக்கியில் வெறும் இரைச்சல். பிறகு அதிகாரி, "ஏறிவிட்டார்கள். மூன்று பேரும்" என்றார். பள்ளியில் மகளை வெளியே விட மறுத்திருக்கிறார்கள். பள்ளி விடும்வரை வாசலில் நின்றிருக்கிறார். அவ்வளவுதான்.

காஞ்சனா மேசையில் தலையை வைத்து அழுதாள். ஜுலைகா அழவில்லை. மடிக்கணினியை இழுத்து, திருத்தக் குறிப்பை அடிக்க ஆரம்பித்தாள். 'ஆணையின் இரண்டாம் பத்தி உண்மையல்ல. பிழை என்னுடையது. ஆதாரம்: வினா எண் 118.' ஐந்தே முக்காலுக்கு அனுப்பினாள். ஆறு மணிக்குப் பதிவாளர் கூப்பிட்டார்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். "ஜுலைகா, நீங்கள் சொல்வது உண்மையென்றால் நான் போட்ட ஆணை முறைப்படி போட்டதல்ல" என்றார்.

"ஆமாம்."

"முறைப்படி இல்லாத ஆணை செல்லாது."

"ஆமாம்."

"அந்த ஆணையை நம்பித்தான் ஒரு நாடு மூன்று பேருக்கு இன்று இடம் கொடுத்திருக்கிறது. உங்கள் குறிப்பைக் கோப்பில் சேர்த்தால் அவர்களுக்கும் ஒரு பிரதி போக வேண்டும். போட்டால் என்ன ஆகும், போடாவிட்டால் என்ன ஆகும்? அதைச் சொல்வதுதானே உங்கள் வேலை? சொல்லுங்கள்."

அவளுக்குத் தெரியாத விதி அதில் ஒன்றுமில்லை. பாதியை எழுதியவளே அவள்தான். எந்த வழியாகப் போனாலும் ஒரே கதவில் வந்து முட்டியது. திருத்தக் குறிப்பு வெளியே வந்தால் அந்தக் குடும்பத்தின் விசா ஆட்டம் காணும். அப்படியானால் அதை எவ்வளவு காலம் மூடிவைப்பது? அதற்கும் விதி இருந்தது: சாட்சிக்கு ஆபத்து தரக்கூடிய ஆவணம், சாட்சியின் ஆயுட்காலம் வரை முத்திரையிடப்பட்டிருக்கும்.

"முத்திரை வையுங்கள்" என்றாள் ஜுலைகா.

அந்தச் சாட்சி உயிரோடிருக்கும்வரை அது திறக்காது. அதுவரைக்கும் ஆணையின் இரண்டாம் பத்தி காஞ்சனாவின் பெயரோடு எழுதியபடியே நிற்கும்.

காஞ்சனா முகம் கழுவிக்கொண்டு வந்து நின்றாள். ஜுலைகா அவளிடம் எதையும் சுருக்காமல், ஒவ்வொரு படியாகச் சொன்னாள். சொல்லும்போது, எந்த இடத்திலாவது ஒரு படி தவறியிருக்காதா, அது வழியாக இவளை வெளியே எடுத்துவிட முடியாதா என்று தேடிக்கொண்டே சொன்னாள். எல்லாப் படியும் சரியாக இருந்தது.

"அப்ப எனக்கு எப்ப மேடம் நல்ல பேரு வரும்?" என்று கேட்டாள் காஞ்சனா. கேட்டுவிட்டு, பதிலையும் அவளே கண்டுபிடித்துவிட்டாள் போல. "அய்யோ, நக்கோ. வரவே வேண்டாம். அவரு நூறு வயசு இருக்கட்டும்."

மறுநாள் ஒப்பந்தம் ரத்தானது. நிறுவனம் மற்ற மாடிகளில் மற்ற வேலைகளை நடத்திக்கொண்டிருந்தது; அந்த மாடி மட்டும் காலியானது. நாற்பது பேரில் பாதிப்பேருக்கு வேறு இடம் கிடைத்தது. காஞ்சனாவின் பணிநீக்கக் கடிதத்தில் 'ரகசியத்தன்மை மீறல்' என்று இருந்தது. அந்தத் தொழிலில் அந்த இரண்டு சொற்களைப் பார்த்த பிறகு யாரும் நாற்காலி போட மாட்டார்கள். ஜுலைகா நான்கு நிறுவனங்களுக்குப் பரிந்துரை எழுதினாள். 'அப்படியானால் அந்த ஆணையில் உள்ளது தவறா?' என்று ஒருவர் பதில் கேட்டார். அதற்கு அவளால் பதில் எழுத முடியவில்லை. ராஜினாமா கொடுத்தாள், காரணம் சொல்லாத ராஜினாமாவை ஏற்க முடியாது என்று திரும்பி வந்தது. காரணம் முத்திரைக்குள் இருந்தது.

இரண்டு வருடம் கழித்து, ஒரு மத்தியானம், காஞ்சனா போன் செய்தாள். ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் லேபிள் சரிபார்க்கும் வேலை கிடைத்திருக்கிறதாம். மாத்திரைப் பெயர், தேதி, தொகுதி எண். "இங்க ஒண்ணையும் மறைக்க வேண்டாம் மேடம். எல்லாம் தெரியணும், அதான் வேலை" என்று சிரித்தாள். வர்ஷினி தமிழில் ஒரு வார்த்தை கேட்டால் தெலுங்கில் நாலு வார்த்தை பதில் சொல்கிறாளாம். பின்னால் இயந்திரங்களின் இரைச்சல் கேட்டது.

பிறகு அவள் குரல் இறங்கியது. "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவரு... நல்லா இருக்காரா?"

இடமாற்றப்பட்ட சாட்சி இருக்கிறாரா, இல்லையா, எங்கே, எப்படி என்று யாரிடமும், ஒரு சொல்லாலும், தலையசைப்பாலும்கூடத் தெரிவிக்கக் கூடாது. கையேட்டின் முதல் பக்கம். ஜுலைகா எழுதியது.

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்ல காஞ்சனா" என்றாள்.

"சரி மேடம். ரூல்னா ரூல். கோவிச்சுக்காதீங்க." காஞ்சனா வைத்துவிட்டாள்.

ஜுலைகா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மழை. அந்த எண்ணைத் திரும்ப அழுத்தினாள். ஜீடிமெட்லாவில் லேபிள்களுக்கு நடுவே அது ஒரு முறை அடித்தது.

இரண்டாவது முறை அடிப்பதற்குள் துண்டித்தாள்.